எக்ஸாஸ்ட் பின்னாடி போனப்புறமும் விமானத்த விடாது: சூப்பர்சானிக் ஸ்டெபிலிட்டி பத்தி ஒரு நீளமான பதில்

கேள்விய ஒரு தடவ திருப்பி சொல்லிட்டு ஆரம்பிக்கறேன். சிமுலேட்டருக்காக ஒரு மாக் 2 (சத்தத்த விட ரெண்டு மடங்கு வேகம்) ஃபைட்டர் மாடல் பண்றீங்க, எஞ்சின் எக்ஸாஸ்ட்ட வெறும் தள்ளு விசையா மட்டும் போட்டா போதுமா, இல்ல அது ஸ்டெபிலிட்டியையும், அதாவது விமானம் அசைஞ்சா தானா நேராகற குணத்தையும், மாத்துமான்னு கேக்கறீங்க. கூடவே ஒரு சந்தேகம்: சூப்பர்சானிக்ல, அதாவது சத்தத்த விட வேகமா போறப்ப, பின்னாடி நடக்குறது முன்னாடிக்கு தெரியவே தெரியாதுன்னு எல்லா புத்தகத்துலயும் இருக்கு, எக்ஸாஸ்ட் விமானத்துக்கு பின்னாடி தானே போகுது, அப்புறம் அது எப்படி விமானத்த தொடும்?

சந்தேகம் ரொம்ப சரியான இடத்துல இருக்கு. பாதி பதில் அதுக்குள்ளயே இருக்கு, ஏன்னா அந்த "தெரியாது"ங்கற விதிக்கு ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு, நிறைய விமானத்துல நாஸில் (எக்ஸாஸ்ட் வெளிய வர்ற வாய்) தான் கடைசின்னு இல்ல, அதுக்கும் பின்னாடி வால் நீட்டிட்டு இருக்கும். எஃப்-4 ஃபாண்டம் படத்த பக்கவாட்டுல பாருங்க, ரெண்டு நாஸிலும் முன்னாடியே முடிஞ்சிடும், அதுக்கு மேல பின்னாடி உடம்பு ஒரு படகு அடிப்பாகம் மாதிரி நீண்டு போய் அதுல தான் வால் மாட்டியிருக்கும், அந்த வாலும் 23 டிகிரி கீழ சாய்ஞ்சு எக்ஸாஸ்ட் பக்கமா இறங்கி நிக்கும். ரெண்டாவது ஓட்டை பவுண்டரி லேயர். உடம்ப ஒட்டி போற அந்த மெல்லிய காத்துப் படலம் தோலுக்கு பக்கத்துல சப்சானிக் (சத்தத்த விட மெதுவு) தான், அதனால அந்த படலத்துக்குள்ள பூந்து பின்பக்க செய்தி கொஞ்ச தூரம் முன்னாடி ஏறி வரும். இது ரெண்டும் போக தள்ளு விசையே விமானத்த திருப்புற விஷயம் தனி, அத கடைசில ரெண்டு வரில முடிச்சுடலாம், அது ஈஸி.

முதல்ல எக்ஸாஸ்ட் ஏன் நேரா போகாம விரியுதுன்னு பாப்போம், ஏன்னா எல்லா வம்பும் அங்கதான் ஆரம்பம்.

மாக் 2ல போறப்ப காத்து இன்டேக்ல (எஞ்சினுக்கு காத்து உள்ள போற வாய்ல) வந்து அடங்குறதாலயே, நஷ்டம் எதுவும் இல்லன்னு வெச்சுக்கிட்டா, அழுத்தம் வெளிக்காத்த விட 7.8 மடங்கு ஆயிடும், மாக் 3ல இது 36.7 மடங்கு. கம்ப்ரெஸர் அதுக்கு மேல ஏத்தும், டர்பைன் கொஞ்சம் எடுத்துக்கும், கடைசியா நாஸில் வாசல்ல நிக்கற மொத்த அழுத்தம் மாக் 2ல வெளிக்காத்த மாதிரி பத்து மடங்குன்னு ஒரு உருண்ட நம்பர் வெச்சுப்போம். நாஸில் வெறுமனே குறுகி முடியற டைப்பா இருந்தா வாசல்ல வாயு மாக் 1க்கு மேல போகாது, அங்க அழுத்தம் மொத்தத்துல பாதிக்கு கொஞ்சம் மேல, அதாவது இன்னும் வெளிக்காத்த மாதிரி அஞ்சு மடங்குக்கு மேல. இந்த அழுத்தத்தோட வெளிய வந்த வாயு என்ன செய்யும், மூடி திறந்த சோடா மாதிரி பக்கவாட்டுல வீங்கும். இததான் ப்ளூம்னு சொல்றாங்க.

விமானம் நின்னுட்டு இருந்தா இந்த பத்து மடங்கு அழுத்தத்துக்கு ஜெட்டோட ஓரம் நாஸில் உதட்டுலருந்து ஒரு 30 டிகிரி வெளிப்பக்கமா திரும்பும். ஆனா வெளில மாக் 2 காத்து ஓடிட்டு இருக்கு, அதுக்கு இந்த வீங்கின ப்ளூம் ஒரு திடீர் சரிவு, ஒரு ஆப்பு மாதிரி தெரியும், சூப்பர்சானிக் காத்து ஆப்ப பாத்தா ஷாக் வேவ் போட்டு தான் திரும்பும், ஷாக்குக்கு பின்னாடி அழுத்தம் ஏறும், அந்த அழுத்தம் ஜெட்ட திருப்பி அமுக்கும், ரெண்டும் ஒரு இடத்துல சமாதானம் ஆகும். நான் சும்மா ரெண்டு பரிமாணத்துல கை கணக்கா போட்டு பாத்தேன், 15லருந்து 16 டிகிரிகுள்ள சமாதானம் ஆகுது, அங்க அழுத்தம் வெளிக்காத்த மாதிரி ரெண்டே கால் மடங்கு, ஷாக் உதட்டுலருந்து ஏறக்குறைய 46 டிகிரி கோணத்துல கிளம்புது. நிஜத்துல ஜெட் உருண்டை, அதனால ஷாக் வெளிய போகப் போக வளைஞ்சு வலு குறைஞ்சு கடைசில மாக் கோணத்துக்கு, மாக் 2ன்னா 30 டிகிரிக்கு வந்துடும்.

இப்ப உங்க மாடல்ல வால் நாஸில் உதட்டுக்கு 1 மீட்டர் மேல இருக்குன்னு வெச்சுக்கோங்க. 46 டிகிரில போற ஷாக் உதட்டுக்கு 1 மீட்டர் பின்னாடி வால் மட்டத்துக்கு வரும், 30 டிகிரியா சாஞ்சுட்டா 1.7 மீட்டர் பின்னாடி. அந்த இடைவெளில வாலோட அடிப்பக்கம் இருந்தா ஷாக் நேரா அதுல போய் மோதும். வாலுக்கு அடில அழுத்தம் ஏறும், வால் மேல தூக்கும், மூக்கு கீழ போகும்.

எவ்வளவு தூக்கும்ங்கறது தான் சுவாரஸ்யம். உதட்டுகிட்ட ஷாக்கோட அழுத்த ஏற்றத்த குணகமா, அதாவது ஓடற காத்தோட இயக்க அழுத்தத்தால வகுத்து, மாத்தினா 0.45 கிட்ட வருது. வால் வரைக்கும் வர்றதுக்குள்ள அது பத்துல ஒரு பங்கா செத்துப் போச்சுன்னு தாராளமா விட்டுக்கொடுப்போம், 0.045. அதே மாக் 2ல வால ஒரு டிகிரி திருப்பினா மேல் கீழ் ரெண்டு பக்கமும் சேத்து கிடைக்கற வித்தியாசம் 0.04 தான். அதாவது பத்துல ஒரு பங்கா செத்துப்போன ஷாக் கூட வால ஒரு டிகிரிக்கு மேல திருப்பின மாதிரி வேலை காட்டும். 15 கிலோமீட்டர் உயரத்துல, 5 சதுர மீட்டர் வால்ல இது முழுசா பட்டா 7.5 கிலோநியூட்டன் கிட்ட, முக்கால் டன் எடைய வாலுக்கு அடில வெச்சு தள்ளற மாதிரி. பைலட் ஸ்டிக்க தொடவே இல்ல, த்ராட்டில மட்டும் தான் தள்ளினான்!

ஆனா இதுல ஒரு கொக்கி. ப்ளூம் வீங்கிட்டு அப்படியே இருக்காது, தேவைக்கு மேல விரிஞ்சு உள்ள அழுத்தம் வெளிய விட குறைஞ்சு திரும்ப சுருங்கும், மறுபடி விரியும், ராத்திரி ஆஃப்டர்பர்னர் (எக்ஸாஸ்ட்ல கூடுதலா எரிபொருள் எரிக்கறது) படத்துல வரிசையா தெரியற அந்த வைரக் கட்டங்கள் இதோட அடையாளம் தான். வெளிக்காத்தும் அந்த வளைவ தொட்டுக்கிட்டே போறதால முதல் ஷாக்குக்கு பின்னாடி அழுத்தம் சரசரன்னு இறங்கி வெளிக்காத்துக்கும் கீழ போய், அப்புறம் இன்னொரு ஷாக்ல திரும்ப ஏறும். வால் எந்த பட்டைல மாட்டுதோ அத பொறுத்து மேலயும் தள்ளலாம், கீழயும் இழுக்கலாம், பாதி வால் அப்படி பாதி வால் இப்படின்னும் நடக்கலாம். த்ராட்டில் ஏறினா ப்ளூம் பெருசாகி ஷாக் முன்னாடி நகரும், மாக் ஏறினா ஷாக் சாஞ்சு பின்னாடி நகரும், உயரம் ஏறினா வெளி அழுத்தம் குறையுது ஆனா எஞ்சின்ல வர்ற அழுத்தமும் கூடவே குறையறதால விகிதம் அவ்வளவா மாறாது. அதனால தான் "எக்ஸாஸ்ட் மூக்க கீழ தள்ளும்"னு ஒரே வரில சொல்றவங்கள நான் நம்பறதில்ல. எந்த விமானம், எந்த மாக், எந்த த்ராட்டில்னு கேக்காம இதுக்கு பதில் கிடையாது.

இன்னொரு வேடிக்கை, சப்சானிக்ல இது பெரும்பாலும் தலைகீழ். அங்க ஜெட் சுத்தி இருக்கற காத்த உள்ள இழுக்கும், மேல இருக்கற வால் பக்கத்து காத்து ஜெட்ட பாத்து கீழ இறங்கும், வால் கீழ அமுங்கும், மூக்கு மேல போகும். சூப்பர்சானிக் தாண்டினதும் உறிஞ்சறத விட ஷாக் தள்ளறது தான் ராஜா. ஆக ஒரே விமானம், ஒரே த்ராட்டில், மாக் 0.8ல ஒரு பக்கமும் மாக் 1.6ல எதிர் பக்கமும் போகலாம், சிமுலேட்டர்ல ஒரே ஒரு நம்பர் போட்டு இத சமாளிக்க முடியாது.

இப்ப ஸ்டெபிலிட்டிக்கு வர்றேன், ஏன்னா இவ்வளவு நேரம் நான் பேசினது கறாரா பாத்தா ஸ்டெபிலிட்டியே இல்ல, ட்ரிம், அதாவது விமானத்த ஒரு கோணத்துல சமநிலையா நிக்க வைக்கறது. ரெண்டையும் போட்டு குழப்பறது ரொம்ப சகஜம். வால்ல முக்கால் டன் தள்ளுது, சரி, அது எந்த கோணத்துலயும் மாறாம முக்கால் டன்னாவே இருந்தா பைலட்டோ கம்ப்யூட்டரோ வால ஒரு டிகிரி எதிர் பக்கம் வெச்சுட்டு மறந்துடலாம், விமானத்தோட ஸ்டெபிலிட்டி இம்மி கூட மாறல. மாறணும்னா மூக்கு ஒரு டிகிரி ஏறும்போது அந்த தள்ளலும் மாறணும். கேக்க வேண்டிய கேள்வி "எவ்வளவு தள்ளுது" இல்ல, "கோணம் மாறினா தள்ளல் எந்தப் பக்கம் மாறுது".

மூக்கு மேல ஏறினா காத்து விமானத்துக்கு கீழருந்து வருது, ப்ளூமும் அதோட மொத்த ஷாக்கும் காத்தோட திசைக்கு வளையும், அதாவது விமானத்துலருந்து பாத்தா மேல் பக்கமா, வால நோக்கி வரும். மேல இருக்கற வாலுக்கு ஷாக் நெருங்கும், வலுவாகும். அந்த இடம் அழுத்த ஏற்றப் பட்டையா இருந்தா வால் இன்னும் மேல தூக்கும், மூக்கு இன்னும் கீழ, இது நல்லது, ஸ்டெபிலிட்டி கூடுது. இறக்கப் பட்டையா இருந்தா மூக்கு ஏற ஏற வால் கீழ இழுபடும், மூக்கு இன்னும் ஏறும், ஸ்டெபிலிட்டி குறையுது. வால் நாஸிலுக்கு கீழ இருக்கற விமானம்னா இந்த மொத்த கதையையும் கண்ணாடில பாக்கணும். ஒரே டிசைன்ல வால அரை மீட்டர் முன்ன பின்ன நகத்தினா குறியே மாறலாம்ங்கறது இதனால தான்.

ஆனா பிட்ச் பக்கத்துல, அதாவது மூக்கு மேல கீழ போற பக்கத்துல, சூப்பர்சானிக் விமானத்துக்கு கையிருப்பு நிறைய இருக்கு. மாக் 1 தாண்டினதும் இறக்கையோட தூக்கு மையம், முன் ஓரத்துலருந்து அளந்தா, கால் பங்குலருந்து பாதி பங்குக்கு பின்னாடி ஓடிடும், விமானம் தேவைக்கு மேல ஸ்டேபிள் ஆயிடும், கன்கார்ட் டன் கணக்குல எரிபொருள பின் டேங்குக்கு பம்ப் பண்ணி எடை மையத்த பின்னாடி நகத்தினது இதுக்காகத்தான். அதனால எக்ஸாஸ்ட் கொஞ்சம் ஸ்டெபிலிட்டிய தின்னாலும் பிட்ச்ல விமானம் கவுந்துடாது. தொல்லை வேற மாதிரி வரும்: அந்த அதிக ஸ்டெபிலிட்டிய சமாளிச்சு மூக்க தூக்கி பிடிக்க வால் ஏற்கனவே கீழ அமுக்கிட்டு நிக்குது, எக்ஸாஸ்ட் ஷாக் அதே வால மேல தள்ளினா இன்னும் அதிகமா திருப்பணும், ட்ராக் (காத்தோட இழுவை) ஏறும், திருப்பறதுக்கு மிச்சம் இருக்கற கோணம் குறையும், டைட்டா ஒரு டர்ன் எடுக்கலாம்னு பாத்தா வால் முட்டுக்கட்டைல போய் நிக்கும்.

எனக்கு கவலை யா பக்கம், அதாவது மூக்கு இடம் வலம் திரும்பற பக்கம். அங்க நிலைமை நேர் எதிர். செங்குத்து வால் ஒரு மெல்லிய இறக்கை தான், சூப்பர்சானிக்ல அதோட பலம் மாக் ஏற ஏற குறையும், ரேடியன் கோணத்துக்கு எவ்வளவு விசைங்கற குணகம் மாக் 1.5ல 3.6ன்னா மாக் 2ல 2.3, மாக் 3ல 1.4. ஆனா முன்னாடி உடம்பு மூக்க வெளிய திருப்பிவிடப் பாக்கற பலம் அப்படி குறையறதில்ல. வால் எளைச்சுக்கிட்டே போகுது, எதிராளி அப்படியே இருக்கான். 1953 டிசம்பர் 12 அன்னிக்கு எக்ஸ்-1ஏ ராக்கெட் சோதனை விமானத்துல பைலட் சக் யேகர் மாக் 2.44 தொட்டதும் விமானம் கைய விட்டு உருண்டு புரண்டு பல ஆயிரம் அடி விழுந்து அப்புறம் மீண்டது, 1956 செப்டம்பர் 27ல எக்ஸ்-2 மாக் 3 தாண்டினதும் இன்னும் மோசமா கைய விட்டுப் போய் பைலட் மில்பர்ன் ஆப்ட் உயிர் போச்சு. இதுக்கெல்லாம் எக்ஸாஸ்ட் காரணம்னு நான் சொல்ல வரல, அது வேற கதை, உடம்போட எடை அமைப்பும் சுழற்சியும் சேந்து செஞ்சது. ஆனா அந்த வேகத்துல யா பக்கம் கையிருப்பு எவ்வளவு மெல்லிசுன்னு புரியும். அந்த மெல்லிசான கையிருப்புல எக்ஸாஸ்ட் கை வெச்சா தான் பயம்.

ரெட்டை எஞ்சின், ரெட்டை செங்குத்து வால் இருக்கற விமானத்த எடுத்துக்கோங்க, எஞ்சின் ரெண்டும் நடுவுல, வால் ரெண்டும் வெளிப்பக்கம், நாஸிலுக்கு கொஞ்சம் பின்னாடி வரைக்கும் நீளுது. ரெண்டு ப்ளூமும் ரெண்டு வால்களோட உள்பக்கத்துல அழுத்தம் ஏத்துது, வலது வால் வலப்பக்கம் தள்ளப்படுது, இடது வால் இடப்பக்கம், கணக்கு நேராயிடுது, எதுவும் தெரியாது. இப்ப மூக்கு பக்கவாட்டுல ரெண்டு டிகிரி விலகிட்டா ப்ளூம் ஒரு வால நெருங்கி இன்னொண்ண விட்டு விலகும், கணக்கு நேராகாது, மிச்சம் வர்ற விசை விமானத்த திருப்பி நேராக்கற பக்கமா இல்ல இன்னும் விலக்கற பக்கமாங்கறது மறுபடியும் எந்த பட்டைல மாட்டுதுங்கறத பொறுத்தது.

ஒரு எஞ்சின் அணைஞ்சா இன்னும் வேடிக்கை. வலது எஞ்சின் மட்டும் ஓடுதுன்னு வைங்க. தள்ளு விசை வலப்பக்கம் மட்டும் இருக்கறதால மூக்கு இடப்பக்கம் திரும்பும், இது எல்லாருக்கும் தெரியும். வெளிப்பக்கம் ரெட்டை வால் இருந்தா உயிரோட இருக்கற ப்ளூம் வலது வால உள்ளருந்து வலப்பக்கம் தள்ளும், விமானத்தோட பின்பக்கம் வலது போச்சுன்னா மூக்கு இடது, ஏற்கனவே திரும்பற பக்கமே இன்னும் திருப்புது, எரியற வீட்டுல எண்ணெய். ஆனா அதே ரெட்டை எஞ்சின் விமானத்துல நடுவுல ஒரே ஒரு வால் இருந்தா வலது ப்ளூம் அத வலப்பக்கத்துலருந்து இடப்பக்கமா தள்ளும், பின்பக்கம் இடது, மூக்கு வலது, தள்ளு விசைக்கு எதிரா உதவி செய்யுது. ஒரே எக்ஸாஸ்ட், வால் நிக்கற இடம் மாறினா எதிரி நண்பனாயிடறான்! இத முதல்ல பேப்பர்ல கிறுக்கி பாத்தப்ப குறிய தப்பா போட்டுட்டேனோன்னு மூணு தடவ சரி பாத்தேன். உங்க மாடல்லயும் இங்க தான் குறி தப்பா போக வாய்ப்பு அதிகம், அழுத்த ஏற்றப் பட்டைல மாட்டற நிலைமைக்கு தான் நான் மேல சொன்னது பொருந்தும்ங்கறதையும் சேத்து வெச்சுக்கோங்க.

இங்க ஒரு சின்ன எச்சரிக்கை, எஸ்ஆர்-71ங்கற மாக் 3 உளவு விமானத்துல நடுவானத்துல பக்கவாட்டுல ஓங்கி அடிக்கற மாதிரி ஒரு உலுக்கல் வருமே, பைலட்டோட ஹெல்மெட் கண்ணாடில இடிக்கற அளவுக்கு, அத பல பேர் எக்ஸாஸ்ட் கணக்குல எழுதறாங்க. அது இன்டேக் சமாச்சாரம், உள்ள நிக்க வேண்டிய ஷாக் வெளிய துப்பப்பட்டு அந்தப் பக்க எஞ்சின் தள்றத நிறுத்தி இழுக்க ஆரம்பிச்சுடும், அத அன்ஸ்டார்ட்னு சொல்வாங்க. எஞ்சின்கள் உடம்ப விட்டு அவ்வளவு தள்ளி இறக்கை நடுவுல இருக்கறதால உலுக்கல் பயங்கரம். பி-58 ஹஸ்லர் குண்டுவீச்சு விமானத்துலயும் வெளிப்பக்க எஞ்சின் மாக் 2ல நின்னா விமானமே உடையற அளவுக்கு ஆபத்துன்னு பயந்தாங்க. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் லைட்னிங்ல ரெண்டு எஞ்சினையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டதால இந்த பக்கவாட்டு தலைவலியே கிட்டத்தட்ட இல்லாம போச்சு, பாக்க அசிங்கமா இருந்தாலும் புத்திசாலித்தனமான அசிங்கம்.

ரெண்டாவது ஓட்டை, பவுண்டரி லேயர் வழியா முன்னாடி ஏறி வர்றது. நாஸில் உதட்டுல ப்ளூம் ரொம்ப செங்குத்தா வீங்கினா ஷாக்கோட அழுத்தத்த அந்த மெல்லிய படலத்தால தாங்க முடியாது, உடம்ப விட்டு பிரிஞ்சுடும், பிரிஞ்ச இடம் உதட்டுலருந்து முன்னாடி நகரும். இத கண்ணால பாக்கணும்னா சாட்டர்ன்-5 ராக்கெட் உயரத்துல ஏறற படத்த பாருங்க, ஒரு கட்டத்துல நெருப்பு ராக்கெட்டோட பக்கவாட்டுல ஏறி வர்ற மாதிரி இருக்கும், வெளி அழுத்தம் செத்துப் போய் ப்ளூம் பிரம்மாண்டமா வீங்கி அதனால பிரிஞ்ச பகுதிக்குள்ள சூடான வாயு சுழண்டு மேல வருது. ஜெட் விமானத்துல அந்த அளவுக்கு போகாது, நாஸில்ல அழுத்த விகிதம் அவ்வளவு இல்ல, பிரிவு வந்தாலும் பின் உடம்போட சரிவுல கொஞ்ச தூரம் தான். ஆனா பின்பக்க துடுப்புகள் நாஸில ஒட்டியே இருக்கற ஏவுகணைகளுக்கு இது நிஜமான பிரச்சனை, துடுப்போட வேர்ப்பகுதி செத்த காத்துல மூழ்கிடும், துடுப்பு இருந்தும் இல்லாத மாதிரி, கோணத்தோட ஏறும்போது பிரிவு ஒரு பக்கம் அதிகம் ஒரு பக்கம் கம்மின்னு ஆயி ஸ்டெபிலிட்டிய நேரடியா தின்னும். உங்க மாடல் ஃபைட்டர்ங்கறதால இத விட்டுடலாம்னு தான் தோணுது.

சரி, தள்ளு விசையோட சொந்த வேலை. தள்ளு கோடு எடை மையத்துக்கு 10 சென்டிமீட்டர் மேலயோ கீழயோ போனா 80 கிலோநியூட்டன் எஞ்சின் 8 கிலோநியூட்டன் மீட்டர் திருப்பு விசை தரும், மேல சொன்ன வால் ஷாக் 6 மீட்டர் தள்ளி இருக்கற வால்ல தந்தது 45 கிட்ட, ஒப்பிட்டு பாத்துக்கோங்க. ஜெட் டாம்பிங்னு ஒண்ணு இருக்கு, விமானம் சுழலும்போது உள்ள ஓடற வாயு பின்னாடி வெளிய போறப்ப அந்த சுழற்சிய கொஞ்சம் எடுத்துட்டு போகும், நல்லது தான் ஆனா நொடிக்கு 70 கிலோ காத்து, 8 மீட்டர் நீளம், நொடிக்கு ஆறு டிகிரி சுழற்சின்னு போட்டா அரை கிலோநியூட்டன் மீட்டர் கூட வராது, ராக்கெட்காரங்க கவலைப்படட்டும். இன்டேக் பக்கம் அத விட பெருசு, அதே 70 கிலோ காத்த மாக் 2 வேகத்துலருந்து ஒரு டிகிரி திருப்பி உள்ள வாங்கறதுக்கே 700 நியூட்டன் ஆகும், அது எடை மையத்துக்கு முன்னாடி இருக்கறதால எப்பவும் ஸ்டெபிலிட்டிய குறைக்கும், 6 மீட்டர் முன்னாடின்னா டிகிரிக்கு 4 கிலோநியூட்டன் மீட்டர். எக்ஸாஸ்ட்ட கேட்டீங்க, ஆனா இன்டேக்க விட்டுடாதீங்க.

இதெல்லாம் எப்படி அளக்கறாங்கன்னா, அங்க ஒரு சிக்கல். விண்ட் டனல்ல மாடல பின்னாடிருந்து ஒரு கம்பில குத்தி தான் நிறுத்துவாங்க, அது தான் வழக்கம், ஆனா எக்ஸாஸ்ட் வர வேண்டிய ஓட்டைலயே கம்பி இருக்கும்! அதனால ஜெட் டெஸ்ட்டுக்கு மாடல கீழருந்து ஒரு மெல்லிய தூண்லயோ இறக்கை முனைலயோ பிடிச்சு, அது வழியாவே உயர் அழுத்த காத்த உள்ள அனுப்பணும், அந்த தூணோட ஷாக் வேற தனியா வால்ல வந்து விழாம பாத்துக்கணும். 1950கள்ல அமெரிக்காவோட என்ஏசிஏ (நாசாவுக்கு முன்னாடி இருந்த விமான ஆராய்ச்சி அமைப்பு) இதுல நிறைய உழைச்சுது, வாலப்ஸ் தீவுலருந்து உள்ள சின்ன ராக்கெட் வெச்ச மாடல்கள நிஜமாவே பறக்க விட்டு, ஜெட் ஓடும்போதும் அணைஞ்சப்புறமும் விமானம் எப்படி ஆடுதுன்னு ரேடியோல தரவு வாங்கினாங்க. டனல்ல குளிர்ந்த காத்த ஊதினா ப்ளூமோட வடிவம் சூடான வாயு மாதிரி சரியா வராதுன்னு ஹைட்ரஜன் பெராக்ஸைட சிதைச்சு சூடான நீராவியும் ஆக்ஸிஜனும் கலந்த ஜெட்ட பயன்படுத்தினதும் உண்டு. ஷ்லீரன் படத்துல (காத்தோட அடர்த்தி மாற்றத்த கண்ணுக்கு காட்டற படம்) அந்த ஷாக் ஒரு கரு கோடா உதட்டுலருந்து கிளம்பி வாலோட அடில முட்டறத பாத்தா அப்புறம் யாரும் இத சந்தேகப்பட மாட்டாங்க, த்ராட்டில் மாத்தும்போது கோடு முன்ன பின்ன நடக்கும்.

தீர்வுன்னு பாத்தா முக்கியமா நாஸில். விரியற வாயோட, வாசல மாத்திக்கற நாஸில் வெச்சா வாயு உள்ளயே விரிஞ்சு வெளி அழுத்தத்துக்கு சமமா வெளிய வரும், ப்ளூம் வீங்காது, ஷாக் வலுவிழக்கும். தள்ளு விசைக்காக தான் அத வெச்சாங்க, ஸ்டெபிலிட்டி கூட வந்த லாபம். ஆனா எல்லா வேகத்துலயும் சரியா பொருந்தற நாஸில் கிடையாது, எங்கயோ ஒரு இடத்துல கொஞ்சம் வீங்கும், எங்கயோ கொஞ்சம் சுருங்கும். இன்னொரு வழி வாலே இல்லாம விடறது, மிராஜ் 3, கன்கார்ட் மாதிரி டெல்டாவுல (முக்கோண இறக்கை விமானத்துல) நாஸிலுக்கு பின்னாடி கிடைமட்ட வால்னு எதுவும் இல்ல, ஷாக் போய் வெத்து வெளில விழட்டும். எஃப்-22ல தலைகீழா யோசிச்சாங்க, எக்ஸாஸ்ட்ட மேலயும் கீழயும் 20 டிகிரி திருப்பி அதையே வாலுக்கு உதவியா வெச்சுக்கிட்டாங்க. எக்ஸ்-59ங்கற நாசாவோட சத்தம் கம்மியான சூப்பர்சானிக் சோதனை விமானத்துல எஞ்சின உடம்புக்கு மேல வெச்சது முக்கியமா சத்தத்த தரைக்கு அனுப்பாம இருக்க, ஆனா அங்கயும் ப்ளூம் பின் தளத்தோடயும் மேல இருக்கற சின்ன வாலோடயும் சண்டை போடாம பாத்துக்க வேண்டியிருந்தது.

கணிப்பு தப்பினா என்ன ஆகும்னு காட்ட, விமானம் இல்லன்னாலும், 1981 ஏப்ரல்ல முதல் ஸ்பேஸ் ஷட்டில் திரும்பி வந்தத சொல்லணும். வளிமண்டலத்துல நுழைஞ்சு முதல் தடவ சாயறப்ப, பின்னாடி இருக்கற யா ஜெட்டுகள் எரிஞ்சதும் அந்த வாயு உடம்ப சுத்தி ஓடற மெல்லிய காத்தோட மோதி எதிர்பாத்தத விட வேற அளவுல விமானத்த உருட்டுச்சு, மூக்கு பக்கவாட்டுல எதிர்பாத்தத விட பல மடங்கு ஆடிச்சு, அப்புறம் கண்ட்ரோல் சிஸ்டம் பிடிச்சு நிறுத்திச்சு. டனல்ல அளந்த எண் நிஜத்தோட ஒத்துப் போகல, அவ்வளவு தான். அடுத்தடுத்த பயணங்கள்ல எண்கள திருத்திக்கிட்டாங்க.

உங்க மாடலுக்கு நான் செய்யறதா இருந்தா, எக்ஸாஸ்ட்டுக்கு தனியா ரெண்டு டேபிள் போடுவேன், பிட்ச் திருப்பு விசைக்கு ஒண்ணு, யா திருப்பு விசைக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் உள்ளீடு மாக், நாஸில் அழுத்த விகிதம், கோணம். த்ராட்டில உள்ளீடா போடாதீங்க, ஒரே த்ராட்டில்ல மாக் 1.2லயும் மாக் 2லயும் ப்ளூம் வேற. மாக் 1க்கு கீழ பிட்ச் குறி பெரும்பாலும் ஒரு பக்கம், மேல (ஷாக் பட்டைய பொறுத்து) எதிர் பக்கம், நடுவுல மென்மையா மாறட்டும். ஒரு எஞ்சின் அணையற நிலைமைக்கு ஒவ்வொரு நாஸிலோட பங்கும் தனித்தனியா இருக்கணும், கூட்டி ஒண்ணா போட்டா மேல சொன்ன அந்த வால் கதை வரவே வராது. போட்டப்புறம் மாக் 1.8ல நேரா பறக்க விட்டு ஸ்டிக்க அசைக்காம ஆஃப்டர்பர்னர படக்குன்னு அணைச்சு பாருங்க. தள்ளு கோடு மட்டும் போட்ட மாடல்ல மூக்கு மெதுவா ஒரு பக்கம் நகரும், டேபிள் போட்ட மாடல்ல முதல் அரை நொடிலயே ஒரு துள்ளல் தெரியணும். துள்ளல் தெரியலன்னா முதல்ல வாலுக்கும் நாஸில் உதட்டுக்கும் இருக்கற தூரத்த சரி பாருங்க, ஒரு வேளை உங்க விமானத்துல வாலே ஷாக்குக்கு முன்னாடி முடிஞ்சிருக்கலாம்.